பழுப்பு எந்த நிறம்?

ஐப்பசி அடைமழை விட்ட மூன்றாம் நாள் சித்தப்பா போன் செய்தார். நீடாமங்கலம் பக்கத்தில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். அந்த வருஷம் சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்கிற நெல் ரகம் போட்டிருந்தார், நட்டு இருபத்தைந்து நாள் இருக்கும். "தம்பி, அடி எலையெல்லாம் பழுப்பு ஏறிக்கிட்டு வருது, வரும்போது கடையில சொல்லி ஏதாவது மருந்து வாங்கிட்டு வா" என்றார். நான் தஞ்சாவூரில் ஒரு உரக்கடையில் போய் நின்று, இலையெல்லாம் பழுப்பாக இருக்கிறதாம் என்றேன். கடைப் பையன், "பிரவுனா இருக்கா சார், புள்ளி புள்ளியாவா?" என்று கேட்டான். பழுப்பு என்றால் பிரவுன், சின்ன வகுப்பிலேயே படித்தாயிற்று, நானும் தலையை ஆட்டிவிட்டேன். பூஞ்சாண மருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தான், அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்.

வயலில் இறங்கிப் பார்த்தால் ஒரு புள்ளி கிடையாது. அடி இலைகள் நுனியிலிருந்து உள்ளே பார்த்து மஞ்சளடித்துக்கொண்டு வருகின்றன, எலுமிச்சம்பழத் தோல் மாதிரி. "இதையா பழுப்புன்னீங்க, இது மஞ்சள் சித்தப்பா" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மஞ்சள்னா மஞ்சள்னு சொல்லமாட்டனா? மஞ்சளாவா மொளைச்சுது அது? பச்சையா இருந்தது பழுக்குது, பழுப்பு."

அந்தப் பயிருக்கு வந்தது நோயே இல்லை. ஐந்து நாள் தண்ணீர் நின்றதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போய்விட்டது. தழைச்சத்து குறைந்தால் பயிர் தன் பழைய இலையில் இருப்பதை உருவிப் புதுக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, யூரியாவையும் ஜிப்சத்தையும் வேப்பம்புண்ணாக்கையும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷும் சேர்த்து வீசினார், பத்து நாளில் பச்சை திரும்பிவிட்டது. நான் வாங்கிக்கொண்டு போன பாட்டில் இன்னும் மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் சொருகியபடி இருக்கிறது.

அன்றைக்கு சித்தப்பா சொன்னது எனக்கு ரொம்ப நாள் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னதுதான் சரி. பழுப்பு என்பது பழு என்கிற வினையிலிருந்து வந்த சொல். காய் பழுக்கிறது, இலை பழுக்கிறது, புண் பழுக்கிறது. பழைய அகராதிகளைப் புரட்டினால் பழுப்புக்குக் கனிவு, மஞ்சள் நிறம், பழுத்த இலை, அரிதாரம் என்கிற தாதுப்பொருள், புண்ணில் கட்டும் சீழ் என்று வரிசையாகப் போகும். அரிதாரம் நல்ல பளிச் மஞ்சள், சீழின் நிறத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, பழுத்த இலை மஞ்சளில் தொடங்கிக் காவி வரைக்கும் எதுவாகவும் இருக்கும். இன்னொரு பக்கம் பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்கிறோம், அது கனன்று நிற்கும் சிவப்பு. ஒரே வேர்ச்சொல் மஞ்சளிலிருந்து சிவப்பு வரைக்கும் போய்வருகிறது என்றால் அது ஒரு நிறத்தின் பெயராக இருக்க முடியாது. ஒரு பொருள் தன் பழைய நிறத்தை விட்டுக் கிளம்பிவிட்டது, இன்னும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, அதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது.

தமிழில் இது பழுப்புக்கு மட்டும் நேர்ந்ததில்லை. கறுத்தான், சிவந்தது, வெளுத்தது, பசந்தது, நரைத்தது என்று நம் பழைய நிறச்சொற்கள் எல்லாமே வினையாக நடமாடும். நீலத்துக்கும் ஊதாவுக்கும் அந்த யோகம் இல்லை, நீலித்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொல்காப்பியம் உரியியலில் கறுப்பும் சிவப்பும் முதலில் வெகுளியைக் குறிக்கும் சொற்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்ததாகத்தான் அவை நிறத்தையும் குறிக்கும் என்கிறது. கோபம் வந்தவன் முகம் கறுப்பதும் கண் சிவப்பதும்தான் அங்கே முதல் பொருள், வண்ணம் பின்னால் வருகிறது. திருக்குறளில் 119-ஆம் அதிகாரம் முழுக்கப் பசப்பைப் பற்றியது. பசப்பு என்றதும் பச்சை நிறம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் ஒன்றும் ஓடாது. பிரிந்து போனவனை நினைத்து மேனி தன் நிறம் இழந்து ஒரு மாதிரி வெளிறிப் போவது அது, சங்கப் பாடல்களில் அதற்கு ஒப்பாகப் பீர்க்கம்பூவைச் சொல்வார்கள், பீர்க்கம்பூ மஞ்சள். பச்சைக்கு உறவான ஒரு சொல் மஞ்சளைக் காட்டுகிறது, யாருக்கும் குழப்பம் வரவில்லை.

பேச்சில் நிறத்தோடு சேர்ந்து வரும் வினைகளையும் கொஞ்சம் கவனிக்கலாம். கதிரில் மஞ்சள் பாயும், மாங்காயில் சிவப்பு ஓடும், வெள்ளிப் பாத்திரத்தில் கறுப்பு தட்டும். பழுப்பு மட்டும் அநேகமாக எப்போதும் ஏறும். பழுப்பேறிய பல், பழுப்பேறிய கல்யாணப் பத்திரிகை, பழுப்பேறிய பத்திரக் காகிதம், பழுப்பேறிய பனியன். இதில் எதுவும் பிரவுன் கிடையாது. எல்லாமே வெள்ளையாக இருந்து வெள்ளை இல்லாமல் போனவை. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் வயசு. "பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம்" என்று கிழவிகள் சொல்லுவார்களே, அந்தப் பழுத்த ஓலையின் நிறத்தை யாரிடமாவது கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் அதன் நிலைமை என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

சரி, அப்படியென்றால் எங்கள் காவிரி டெல்டாவில் நிஜமாகவே பிரவுனாக இருக்கிற பொருள்களை எப்படிச் சொல்கிறோம்? இங்கேதான் வேடிக்கை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வாய்க்காலில் முதல் தண்ணீர் செத்தையைத் தள்ளிக்கொண்டு வரும்போது அது நல்ல காபி நிறத்தில் இருக்கும். அதை யாரும் பழுப்புத் தண்ணீர் என்பதில்லை, புதுத்தண்ணி அல்லது கலங்கல். வீட்டைச் சுற்றிக் கத்திக்கொண்டு திரியும் ஏழெட்டுக் குருவிகள் கூட்டம், அது தவிட்டுக்குருவி. புறாவிலும் தவிட்டுப்புறா உண்டு. தவிட்டு நிறம்! நெல் விளைகிற ஊரில் பிரவுனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் கிடைக்குமா? அதை விட்டுவிட்டு நாம் பழுப்பைப் பிடித்துக்கொண்டோம்.

மாட்டு நிறங்கள் தனி உலகம். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து உம்பளாச்சேரி மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குட்டையான கால், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சேற்றில் உழுவதற்கென்றே பிறந்த மாதிரி உடம்பு. அதன் கன்று பிறக்கும்போது செந்நிறமாகவோ பிரவுனாகவோ இருக்கும், ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். முதன்முதலில் கன்று வாங்குகிற வெளியூர்க்காரர்கள் நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து இது நம் கன்றுதானா என்று முழிப்பார்கள். செவலை, மயிலை, காரி என்று மாட்டுக்குச் சொற்கள் இருக்கின்றன. பழைய தமிழில் மங்கிய செந்நிற மாட்டுக்குக் குரால் என்றே ஒரு சொல் இருந்தது. பழுப்பு மாடு என்று மட்டும் சந்தையில் சொல்லிப் பாருங்கள், மாட்டுக்கு என்ன சீக்கு என்று கேட்பார்கள்.

ஜவுளிக்கடையில் இன்னும் கறார். திருபுவனத்தில் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள் அரக்கு என்பார்கள், காபி கலர், வெங்காயத்தோல் கலர், மாம்பழக் கலர், சந்தனம், மயில்கழுத்து என்பார்கள், எதுவும் சரியாக வரவில்லையென்றால் "பிரவுன்லயே கொஞ்சம் செவப்பு ஓடுற மாதிரி" என்பார்கள். அத்தை ஒருத்தி கல்யாணத்துக்கு எடுத்த புடவையை வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பழுப்பா இருக்கு" என்றால் அது நிறத்தை விவரிப்பது இல்லை. புடவை மாற்றப்படப் போகிறது என்று அர்த்தம்.

பிறகு எப்படிப் பள்ளிப் புத்தகத்தில் பிரவுனுக்கு நேராகப் பழுப்பு வந்து உட்கார்ந்தது? ஆங்கில நிறப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பதினொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று வரும்போது ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும், கையில் கிடைத்தவற்றில் இது பக்கத்தில் இருந்தது என்பது என் கணிப்பு. பதினொன்று என்று சும்மா சொல்லவில்லை. பிரென்ட் பெர்லின், பால் கே என்கிற இரண்டு பேர் 1969-இல் உலக மொழிகளின் அடிப்படை நிறச்சொற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதிகபட்சம் பதினொரு அடிப்படை நிறங்கள், மொழிகள் அவற்றுக்கு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பெயர் வைக்கின்றன, கறுப்பு வெள்ளையில் தொடங்கி, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று போய் அதற்கப்புறம்தான் பிரவுன் வரும் என்பது அவர்கள் வாதம். அதைப் பலர் மறுத்தும் திருத்தியும் எழுதிவிட்டார்கள், ஆனால் பிரவுன் பிந்தி வருகிற நிறம் என்பது தமிழைப் பொறுத்தவரை ஒத்துத்தான் போகிறது. இதற்கு இன்னொரு சாட்சி இலங்கை. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் பிரவுனைக் கபிலம் என்றோ மண்ணிறம் என்றோ எழுதுவார்கள். ஒரே மொழி, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு சொல், இந்தப் பக்கம் ஒரு சொல். சிவப்புக்கோ கறுப்புக்கோ இப்படிப் பிரிவினை இல்லை.

புத்தகத்தில் இருப்பதோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அரிசி மூட்டையில் ஏறியதும்தான் வம்பு. டவுன் கடைகளில் பழுப்பு அரிசி என்று அச்சடித்த பாக்கெட் வருகிறது, உடம்புக்கு நல்லது, சர்க்கரைக்காரர்கள் சாப்பிடலாம் என்று விலையும் கூடுதல். டெல்டாவில் பழுப்பு அரிசி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரேஷன் கடைத் தகராறு. "இந்த மாசமும் பழுப்பு அரிசியத்தான் போட்டிருக்கான்" என்பது இங்கே ஒரு புகார் வாக்கியம். இரண்டும் வேறு வேறு பொருள். பாக்கெட்டில் வருவது உமியை மட்டும் நீக்கித் தவிட்டை நீக்காமல் விட்ட அரிசி, அதற்குத் தீட்டாத அரிசி என்று நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ரேஷனில் திட்டு வாங்குவது வேறு கதை. ஈரநெல்லைக் குவித்து வைத்தால் அம்பாரத்துக்குள் சூடேறும். கையை விட்டுப் பார்த்தால் உள்ளே வெந்நீர் மாதிரி இருக்கும், அந்தச் சூட்டில் உமிக்குள்ளேயே அரிசி மஞ்சளாகி, விட்டால் மஞ்சள் தாண்டியும் போகும். அப்புறம் எந்த ஆலையில் தீட்டினாலும் அந்த நிறம் போகாது. அதிலும் புழுங்கல் அரிசி இயல்பிலேயே பச்சரிசியை விடக் கொஞ்சம் மஞ்சள் பாய்ந்துதான் இருக்கும். ஊறப்போட்ட நேரமும் வேகவைத்த சூடும் கூடினால் நிறமும் கூடும், எனவே எது இயல்பான மஞ்சள் எது கெட்ட பழுப்பு என்பதில் எப்போதும் சண்டைக்கு இடம் உண்டு.

இந்தச் சண்டை கொள்முதல் நிலைய வாசலிலேயே தொடங்கிவிடும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சேதமடைந்தது, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அரித்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அறுவடை நேரத்தில் மழை வந்துவிட்டால் தளர்வு கேட்டு மாநில அரசு கடிதம் எழுதும், குழு வந்து பார்க்கும், கொஞ்சம் தளர்த்துவார்கள். ஈரப்பதத்துக்காவது மீட்டர் இருக்கிறது, காட்டுகிற எண்ணை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நிறம் மாறியது என்பதற்கு அங்கே இருப்பது ஒரு ஆளின் கண். நெல்லை உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, நாலு அரிசியை வெளிச்சத்தில் பிடித்து, "பழுத்திருக்கே" என்று ஒரு இழுப்பு இழுப்பார். அந்த ஒரு சொல்லுக்கு அந்த இடத்தில் எவ்வளவு விலை என்பது நெல் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் தெரியும்.

வயலுக்குத் திரும்பினால் நிறத்தின் பெயர் இன்னும் முக்கியம். அடி இலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து, மேல் இளம் இலை மஞ்சளானால் கந்தகம் அல்லது இரும்பு, நட்டு இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரி புள்ளி விழுந்தால் துத்தநாகம், நுனியும் ஓரமும் காய்ந்து வந்தால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ், குறைவு. ஏறக்குறைய இத்தனைக்கும் ஊர்வாயில் பழுப்பு என்ற ஒரே சொல். எள் மாதிரி நீள்வட்டப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம் என்றால் அது என் பாட்டில் மருந்துக்குரிய நோய். ஆங்கிலத்தில் பிரவுன் ஸ்பாட். தமிழில் அதைச் சில புத்தகங்கள் பழுப்புப் புள்ளி என்கின்றன, சில செம்புள்ளி என்கின்றன. ஒரே புள்ளிதான். என் ஓட்டு செம்புள்ளிக்கு, ஏனென்றால் அதைச் சொல்லியிருந்தால் எனக்கு அறுநூறு ரூபாய் மிச்சம்.

ஆங்கிலம் பிரவுன் என்று பெயர் வைத்த ஒரு பூச்சிக்கு நம் ஆட்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்பதை எண்ணி நான் இன்றுவரை வியக்கிறேன். பிரவுன் பிளான்ட் ஹாப்பர் என்று ஆங்கிலத்தில். தூருக்குள், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும், நுனி வரைக்கும் பயிர் நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், திடீரென்று ஒருநாள் வயல் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். தமிழில் அது புகையான். பூச்சியின் நிறத்தை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. வரப்பில் நின்று பார்க்கிறவனுக்குப் பயிர் புகைந்து போன மாதிரி தெரிகிறது, அதுவே பெயர். எட்டடிக்கு ஒரு அடி நடாமல் இடைவெளி (பட்டம்) விடு, யூரியாவை அள்ளிக் கொட்டாதே என்பதெல்லாம் இதற்காகச் சொல்வதுதான், ஆனால் காசு கையில் இருந்து மூட்டையும் கிடைத்துவிட்டால் அந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள்.

கண்ணை நம்பாமல் நிறத்தை அளக்க ஒரு வழியும் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டை, வெளிர் மஞ்சள் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக எண் போட்ட கட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் பட்டை. காலை எட்டிலிருந்து பத்துக்குள், நம் நிழல் இலையில் விழும்படி திரும்பி நின்றுகொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலை பார்த்து ஆறோ அதற்கு மேலோ வரம்பு எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற வரம்பு எண். பழுப்பு என்ற பேச்சே அதில் கிடையாது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே எங்கே நிற்கிறாய் என்று மட்டும் கேட்கிறது. சித்தப்பாவிடம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஒரு வாரம் பார்த்தார், அப்புறம் அது வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு மடிக்கப் போய்விட்டது.

2023 வசந்தத்தில் இந்தச் சொல் டெல்டாவில் வேறு விதமாக எல்லோர் வாயிலும் விழுந்தது. பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் 1956-இலிருந்து நிறுவனம் நடக்கிறது, நமக்குப் பழகிய பெயர்தான், மன்னார்குடிக்கு அடியிலும் அது நிறையக் கிடக்கிறது என்பதும் தெரிந்த விஷயம். அந்த மார்ச் மாதக் கடைசியில் மத்திய அரசின் சுரங்க ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று டெல்டாப் பகுதிச் சுரங்கத் தொகுதிகளும் இருந்தன. 2020-இலேயே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று தமிழ்நாடு சட்டம் போட்டிருந்தது, அதனால் எதிர்ப்பு கட்சி பேதமில்லாமல் கிளம்பியது, ஏப்ரலில் மூன்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், நிலக்கரி கறுப்புதானே, அதென்ன தம்பி பழுப்பு என்று. ஆங்கிலத்தில் பிரவுன் கோல் என்பதை அப்படியே கொண்டுவந்து போட்டது, அவ்வளவுதான். அதில் ஒரு முரண் இருக்கிறது. முழுசாக நிலக்கரி ஆகாமல், ஈரம் போகாமல், பாதி வழியில் நிற்கிறதுதான் அது. இன்னும் பழுக்காத கரி. அதற்கு வைத்திருக்கும் பெயர் பழுப்பு. "அப்ப அது பிஞ்சுன்னு சொல்லுங்க" என்றார் பெரியவர்.

இப்போது சித்தப்பா போனில் நிறம் சொல்வதில்லை. அடி இலையா மேல் இலையா, புள்ளியா சீராகவா என்று நான் குடைந்து எடுப்பது பிடிக்காமல் போட்டோ அனுப்பிவிடுகிறார். அவருடைய போன் கேமரா எல்லாப் பச்சையையும் கொஞ்சம் மஞ்சளாக்கிக் காட்டும், ஆகவே இலையைப் பறித்து வேட்டி மேல் வைத்து எடுங்கள், வெள்ளை பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தெரியும் என்று சொல்லியிருந்தேன். போன வாரம் ஒன்று வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இலை நல்ல பச்சை, ஒரு குறையும் இல்லை. வேட்டிதான் பழுப்பு.